ரெடிஸ் சர்வரில் யார் எந்தக் கட்டளையை இடலாம்? ஏசிஎல் பற்றிய எளிய விளக்கம்

ரெடிஸ் என்பது தரவை நினைவகத்தில் வைத்து விரைவாகத் தரும் ஒரு தரவுத்தளம். அதன் சர்வருடன் இணைந்திருக்கும் ஒரு செயலி, ‘கெட்’ என்ற கட்டளையை அனுப்பி ஒரு மதிப்பைப் படித்துக்கொள்கிறது. அதே இணைப்பின் வழியே ‘ஃப்ளஷ்ஆல்’ என்ற ஒரே சொல்லை அனுப்பினால் அந்தச் சர்வரில் உள்ள தரவு முழுவதும் அழிந்துபோகும். உறுதிதானா என்று சர்வர் திருப்பிக் கேட்பதில்லை. படிக்க மட்டுமே வந்த செயலியின் கையில் அழிக்கும் ஆற்றல் எதற்கு என்ற கேள்விக்கு, 2020-இல் வெளியான 6.0 பதிப்பு வரை ரெடிஸிடம் முறையான விடை இல்லை. அந்தப் பதிப்பில் சேர்க்கப்பட்ட ஏசிஎல் என்னும் அணுகல் கட்டுப்பாட்டு வசதியைப் பற்றியதே இக்கட்டுரை. கட்டளைகளை இங்கே ஒலிப்புப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். சர்வரில் இடும்போது அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.

முதலில், முன்பு இருந்த நிலைமை. சால்வத்தோரே சான்ஃபிலிப்போ 2009-இல் ரெடிஸை வெளியிட்டபோது, நம்பகமான உள்வலையமைப்புக்குள் மட்டுமே அது இயங்கும் என்பதே அடிப்படை எண்ணம். ‘ரெக்வயர்பாஸ்’ என்ற அமைப்பின் மூலம் சர்வர் முழுவதற்கும் ஒரே ஒரு கடவுச்சொல் வைக்கலாம். அதை அறிந்தவர் எல்லாவற்றையும் செய்யலாம், அறியாதவர் எதையும் செய்ய முடியாது. ஆபத்தான கட்டளைகளை மறைப்பதற்கு, அமைப்புக் கோப்பில் அவற்றின் பெயரையே வேறொன்றாக மாற்றிவிடும் ‘ரீநேம்-கமாண்ட்’ என்ற வழியும் இருந்தது. ஆனால் பெயரை மாற்றினால் அது நிர்வாகி உட்பட அனைவருக்கும் மாறிவிடும். ஒருவருக்குக் கட்டளையைத் தந்து இன்னொருவருக்கு மறுப்பது அந்த வழியில் இயலாது.

இதன் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதை 2015-இல் சான்ஃபிலிப்போவே ஒரு கட்டுரையில் செய்து காட்டினார். கடவுச்சொல் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடக்கும் ஒரு ரெடிஸ் சர்வரின் 6379-ஆம் போர்ட்டில் இணைந்து, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் முறைக்கான தனது பொதுத் திறவியை ஒரு மதிப்பாகச் சேமித்து, ‘கான்ஃபிக் செட்’ கட்டளையால் தரவுக் கோப்பு எழுதப்படும் கோப்புறையையும் கோப்புப் பெயரையும் மாற்றி, ‘சேவ்’ என்று ஆணையிட்டால், அந்தக் கணினிக்குள்ளேயே நுழைவதற்கான அனுமதி ஊடுருவியவருக்குக் கிடைத்துவிடும். இங்கே நடந்தது தரவுத் திருட்டு அன்று. தரவுத்தளத்தின் இயல்பான ஒரு நிர்வாகக் கட்டளை, யார் இட்டாலும் கேள்வியின்றி நிறைவேறியதுதான் கோளாறு. அடுத்த ஆண்டு வந்த 3.2 பதிப்பு, கடவுச்சொல்லும் இல்லாமல், எந்த முகவரியில் இணைப்புகளை ஏற்பது என்னும் பிணைப்பு முகவரியும் குறிக்கப்படாமல் இருக்கும் சர்வர் வெளியிலிருந்து வரும் இணைப்புகளை ஏற்காதபடி செய்தது. ஆயினும் உள்ளே வந்துவிட்ட ஒருவர் என்னென்ன செய்யலாம் என்பது 6.0 வரை திறந்த கேள்வியாகவே இருந்தது.

மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் ஆகிய தரவுத்தளங்களில் பழகியவர்களுக்கு, அனுமதியைத் தரவும் திரும்பப் பெறவும் உதவும் ‘கிராண்ட்’, ‘ரிவோக்’ என்ற கட்டளைகள் தெரிந்திருக்கும். அங்கே அனுமதி பெரும்பாலும் அட்டவணையைச் சுற்றி அமைகிறது. ரெடிஸில் அட்டவணை கிடையாது. சாவிகளும் (ஒவ்வொரு மதிப்பையும் சேமிக்கவும் எடுக்கவும் பயன்படும் பெயர்கள்), அவற்றின் மீது செயல்படும் சில நூறு கட்டளைகளும்தான் உண்டு. எனவே ஒரு பயனருக்கான அனுமதி, எந்தக் கட்டளைகளை இடலாம், எந்தச் சாவிகளைத் தொடலாம் என்ற இரண்டு கேள்விகளாகப் பிரிகிறது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதிலிருந்துதான் தொடக்கநிலைத் தவறுகள் பெரும்பாலும் பிறக்கின்றன.

புதிதாக நிறுவிய சர்வரில் ‘ஏசிஎல் லிஸ்ட்’ என்று இட்டால் ஏறத்தாழ இப்படி ஒரு வரி வரும்:

யூசர் டிஃபால்ட் ஆன் நோபாஸ் ~* &* +@ஆல்

பதிப்பைப் பொறுத்து இடையில் ஓரிரு சொற்கள் கூடலாம். இதன் பொருள்: ‘டிஃபால்ட்’ என்ற பயனர் இயங்கும் நிலையில் இருக்கிறார்; அவருக்குக் கடவுச்சொல் தேவையில்லை; அலைக்குறிக்குப் பின் வரும் நட்சத்திரம், எல்லாச் சாவிகளையும் தொடலாம் என்கிறது; ‘&’ குறி, செயலிகள் தமக்குள் செய்தி அனுப்பிக்கொள்ளும் அலைவரிசைகள் அனைத்தும் திறந்துள்ளன என்கிறது; கூட்டல் குறியுடன் வரும் ‘@ஆல்’ எல்லாக் கட்டளைகளையும் இடலாம் என்கிறது. பெயர் சொல்லாமல் இணைகிற எவரும் இந்த டிஃபால்ட் பயனராகவே உள்ளே வருகிறார். பழைய செயலிகள் உடைந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்தத் தாராளம்.

இதற்கு நேர்மாறாக, நாம் உருவாக்கும் புதிய பயனர் வெறுங்கையுடன் பிறக்கிறார். ‘ஏசிஎல் செட்யூசர் முன்பதிவு’ என்று மட்டும் இட்டால், ‘முன்பதிவு’ என்ற பெயரில் ஒரு பயனர் உருவாவார். ஆனால் அவர் முடக்கப்பட்ட நிலையில், கடவுச்சொல் இன்றி, ஒரு சாவியையும் தொட முடியாமல், ஒரு கட்டளையும் இட முடியாமல் இருப்பார். தேவையானதை ஒவ்வொன்றாக நாமே சேர்க்க வேண்டும். பேருந்துப் பயணச்சீட்டுச் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பயணி பணம் செலுத்தி முடிக்கும் வரை ஓர் இருக்கையைச் சில நிமிடங்களுக்குப் பிடித்துவைக்க அது ரெடிஸைப் பயன்படுத்துகிறது என்றால், பின்வரும் வரி போதும்:

ஏசிஎல் செட்யூசர் முன்பதிவு ஆன் >கடவுச்சொல் ~இருக்கை:* +பிங் +கெட் +செட் +டெல்

‘ஆன்’ பயனரை இயக்குகிறது. ‘>’ குறிக்குப் பின் வருவது கடவுச்சொல். ‘இருக்கை:’ என்று தொடங்கும் சாவிகள் மட்டும் அவருக்குத் திறக்கும். இணைப்பைச் சோதிக்கும் பிங், படிக்கும் கெட், எழுதும் செட், அழிக்கும் டெல் என்று கூட்டல் குறியிட்ட நான்கு கட்டளைகளைத் தவிர வேறெதையும் அவர் இட முடியாது. இந்தப் பயனராக நுழைந்து ஃப்ளஷ்ஆல் இட்டால், ‘நோபெர்ம்’ என்று தொடங்கும் பிழைச்செய்தி வரும். பிழைச்செய்தியின் முதற்சொல்லைக் கவனிப்பது நல்லது: ‘நோஆத்’ என்றால் இன்னும் உள்நுழையவில்லை, ‘ராங்பாஸ்’ என்றால் பெயரோ கடவுச்சொல்லோ பொருந்தவில்லை, அல்லது பயனர் முடக்கப்பட்டிருக்கிறார், ‘நோபெர்ம்’ என்றால் உள்நுழைவு சரி, அனுமதிதான் இல்லை.

இந்த வரியை ரெடிஸின் உரையாடல் திரைக்குள் இடாமல் லினக்ஸ் முனையத்திலிருந்து நேரடியாக அனுப்புகிறவர்கள் ஒவ்வொரு விதியையும் மேற்கோள் குறிக்குள் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ‘>’ குறியை முனையம் தனக்கான ஆணையாக எடுத்துக்கொள்ளும். உங்கள் கடவுச்சொல்லையே பெயராகக் கொண்ட ஒரு கோப்பு அந்தக் கோப்புறையில் உருவாகும், பயனருக்கோ கடவுச்சொல் எதுவும் அமைந்திருக்காது.

செட்யூசர் கட்டளை, இருப்பதன் மேல் சேர்க்கும் இயல்புடையது. மறுநாள் அதே பயனருக்கு, சாவிக்குக் காலக்கெடு வைக்கும் கட்டளையான ‘+எக்ஸ்பயர்’ என்று மட்டும் கொடுத்தால் பழைய அனுமதிகள் அப்படியே இருக்க, ஒன்று கூடும். புதிய கடவுச்சொல் கொடுத்தாலும் பழையது போய்விடாது, இரண்டும் செல்லும். கடவுச்சொல்லை மாற்றும் காலத்தில் இது வசதி: புதியதைச் சேர்த்து, செயலிகளை ஒவ்வொன்றாக அதற்கு மாற்றி, கடைசியில் பழையதை ‘<’ குறியால் நீக்கலாம். அந்தக் கடைசிப் படியை மறந்துவிட்டால், மாற்றியதாக நினைத்த கடவுச்சொல் ஆண்டுக்கணக்கில் உயிருடன் இருக்கும். முழுவதையும் புதிதாக எழுத விரும்பினால் விதிகளின் முதலில் ‘ரீசெட்’ என்று வைத்துத் தொடங்க வேண்டும். ஒரு வரியில் ஒரு விதி பிழையாக இருந்தாலும் அந்த வரி முழுவதும் நிராகரிக்கப்படும் என்பதால், பாதி மாறிய நிலையில் பயனர் தங்கிவிடுவாரோ என்ற அச்சம் வேண்டாம்.

கட்டளைகளை ஒவ்வொன்றாக எழுதுவது அலுப்பூட்டும் வேலை என்பதால் ரெடிஸ் அவற்றை வகைகளாகத் தொகுத்திருக்கிறது. ‘ஏசிஎல் கேட்’ என்று இட்டால் வகைகளின் பெயர்களும், ‘ஏசிஎல் கேட் ரைட்’ என்று இட்டால் அந்த வகைக்குள் அடங்கும் கட்டளைகளும் வரும். ‘+@ரீட்’ என்றால் படிக்கும் கட்டளைகள் அனைத்தும், ‘+@ரைட்’ என்றால் எழுதும் கட்டளைகள் அனைத்தும். வசதிதான், ஆனால் வகையின் பெயரை மட்டும் பார்த்து அனுமதி கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணம், நாம் அஞ்சி ஓடிய ஃப்ளஷ்ஆல் இந்த ‘ரைட்’ வகைக்குள்தான் இருக்கிறது. அழிப்பதும் ஒருவகை எழுத்துதானே என்பது ரெடிஸின் கணக்கு. பட்டியலைப் பார்க்காத ஒருவர், ‘இந்தச் செயலி எழுத வேண்டும், ஆகவே +@ரைட்’ என்று எழுதும்போது சர்வரையே காலி செய்யும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்.

‘சாவிகளைத்தான் ~இருக்கை:* என்று கட்டுப்படுத்திவிட்டோமே, ஃப்ளஷ்ஆல் அந்தச் சாவிகளை மட்டும்தானே அழிக்கும்?’ என்று வாசகர் கேட்கலாம். அழிப்பது எல்லாவற்றையும்தான். சாவிக் கட்டுப்பாடு எப்படி வேலை செய்கிறது என்றால், கட்டளையுடன் சேர்ந்து வரும் சாவிப்பெயர் அனுமதித்த வடிவத்துக்குப் பொருந்துகிறதா என்று சர்வர் பார்க்கிறது. ஃப்ளஷ்ஆல் எந்தச் சாவிப்பெயரையும் ஏற்பதில்லை. எனவே சரிபார்க்க ஒன்றுமில்லை, கட்டளை தடையின்றி ஓடிவிடும். சாவிப்பெயர்களைத் தேடித் தரும் ‘கீஸ்’, ‘ஸ்கேன்’ ஆகியவற்றுக்கும் இதே நிலைதான். ‘+@ரீட் ~இருக்கை:*’ என்று அனுமதி பெற்ற பயனர் ‘கட்டணம்:’ என்று தொடங்கும் சாவிகளின் மதிப்பைப் படிக்க முடியாது. ஆனால் ஸ்கேன் இட்டு, அப்படிப்பட்ட சாவிகள் இருக்கின்றன என்பதையும் அவற்றின் பெயர்களையும் அறிந்துகொள்ள முடியும். சாவிப்பெயரிலேயே தொலைபேசி எண்ணையோ மின்னஞ்சல் முகவரியையோ வைக்கும் பழக்கம் செயலி எழுதுபவர்களிடையே பரவலாக இருப்பதால் இது சிறிய விஷயம் அன்று.

இதற்காகவே ‘@டேஞ்சரஸ்’ என்றொரு வகை இருக்கிறது. ஃப்ளஷ்ஆல், கான்ஃபிக், கீஸ், மானிட்டர், ஷட்டவுன் போன்றவை அதில் அடங்கும். ‘+@ரீட் +@ரைட் -@டேஞ்சரஸ்’ என்று எழுதினால் படிக்கவும் எழுதவும் விட்டு, ஆபத்தானவற்றைக் கழித்துவிடலாம். ஆனால் விதிகள் இடமிருந்து வலமாக, எழுதிய வரிசையிலேயே செயல்படும். ‘-@டேஞ்சரஸ் +@ரீட் +@ரைட்’ என்று மாற்றி எழுதினால், முதலில் கழித்த ஃப்ளஷ்ஆல் பின்னால் வரும் ரைட் வகையின் வழியே மீண்டும் உள்ளே வந்துவிடும். இரண்டு வரிகளிலும் உள்ள சொற்கள் ஒன்றே, பலன் நேரெதிர்.

டேஞ்சரஸ் வகையைக் கழிப்பதிலும் ஒரு பக்கவிளைவு உண்டு. சர்வரின் நிலவரத்தைச் சொல்லும் ‘இன்ஃபோ’வும், வரிசைப்படுத்தித் தரும் ‘சார்ட்’டும் அந்த வகையில் இருப்பவை. கண்காணிப்புக் கருவிகள் பெரும்பாலும் இன்ஃபோவை நம்பியே இயங்குவதால், அவற்றுக்கான பயனருக்குக் கழித்தலுக்குப் பின்னால் ‘+இன்ஃபோ’ என்று திரும்பச் சேர்க்க வேண்டும். இணைப்பு சார்ந்த ‘@கனெக்‌ஷன்’ வகையும் இப்படித்தான்: சாதுவான பிங் அதில் இருக்கிறது, பிறருடைய இணைப்பைத் துண்டிக்கும் ‘கிளையன்ட் கில்’லும் அதிலேயே இருக்கிறது.

ஆகவே, செயலிகளுக்கான பயனர்களைப் பொறுத்தவரை வகைகளைத் தவிர்த்து, கட்டளைகளைப் பெயர் சொல்லிச் சேர்ப்பதே மேல். பட்டியலை ஊகித்து எழுத வேண்டியதில்லை. ‘இன்ஃபோ கமாண்ட்ஸ்டாட்ஸ்’ என்று இட்டால், சர்வர் தொடங்கியதிலிருந்து எந்தக் கட்டளை எத்தனை முறை இடப்பட்டது என்ற கணக்கு வரும். பெரும்பாலான செயலிகள் பயன்படுத்தும் கட்டளைகள் ஒரு கைப்பட்டியலில் அடங்கிவிடும் என்பது இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு புரியும். இது சர்வர் முழுமைக்குமான கணக்கு, பயனர்வாரியானது அன்று என்பதையும், மாதம் ஒருமுறை ஓடும் அறிக்கை போன்றவை அன்றைய கணக்கில் அகப்படாமல் போகலாம் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

பட்டியலை நடைமுறைக்குக் கொண்டுவந்த பின் ‘ஏசிஎல் லாக்’ துணைநிற்கும். மறுக்கப்பட்ட ஒவ்வொரு முயற்சியும் எந்தப் பயனரால், எந்த இணைப்பிலிருந்து, கட்டளையாலா சாவியாலா உள்நுழைவாலா மறுக்கப்பட்டது என்ற விவரத்துடன் அதில் பதிவாகும். இயல்பாக 128 பதிவுகள் வரை வைத்திருக்கும். 7.0 பதிப்பிலிருந்து ‘ஏசிஎல் ட்ரைரன்’ என்பதும் உண்டு. ஒரு பயனர் பெயரையும் கட்டளையையும் கொடுத்தால், அதை நிறைவேற்றாமலேயே அனுமதி கிடைக்குமா கிடைக்காதா என்று மட்டும் சொல்லும். ஃப்ளஷ்ஆல் மறுக்கப்படுகிறதா என்பதை இட்டுப் பார்த்துச் சோதிக்கத் துணியாதவர்களுக்கு இது ஏற்ற வழி.

ஒரே பயனருக்கு வெவ்வேறு சாவிகளில் வெவ்வேறு உரிமை வேண்டும் என்னும்போது இன்னொரு நுணுக்கம் வருகிறது. முன்பதிவுச் செயலி, நடந்தவற்றையெல்லாம் ‘பதிவேடு:’ என்ற சாவிகளில் வரிசையாக எழுதிவைக்க வேண்டும், ஆனால் எழுதியதை அழிக்கக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். ‘~இருக்கை:* ~பதிவேடு:* +கெட் +செட் +டெல் +ஆர்புஷ்’ என்று எழுதினால் அது நிறைவேறாது. அனுமதித்த எந்தக் கட்டளையையும் அனுமதித்த எந்தச் சாவியிலும் இடலாம் என்பதே இதன் பொருள், ஆகவே பதிவேட்டையும் டெல் இட்டு அழிக்கலாம். 7.0 பதிப்பு இதற்கு அடைப்புக்குறியைக் கொண்டுவந்தது:

+ஆர்புஷ் ~பதிவேடு:* (+கெட் +செட் +டெல் ~இருக்கை:*)

அடைப்புக்குறிக்குள் இருப்பது தனி அனுமதித் தொகுதி. வெளியே உள்ள தொகுதியோ உள்ளே உள்ள தொகுதியோ ஏதேனும் ஒன்று முழுமையாகப் பொருந்தினால்தான் கட்டளை ஓடும். இப்போது பதிவேட்டின் கடைசியில் சேர்க்க முடியும், அழிக்க முடியாது. படிக்க மட்டும் ஒரு சாவித்தொகுதியைத் தர வேண்டும் என்றால் அடைப்புக்குறிகூடத் தேவையில்லை. அதே பதிப்பில் வந்த ‘%ஆர்~கட்டணம்:*’ என்ற வடிவம் போதும்.

கடவுச்சொல்லைப் பற்றிச் சுருக்கமாக. ரெடிஸ் அதை ஷா-256 என்ற ஒருவழிச் சுருக்க முறையில் மாற்றி வைக்கிறது. ஷா-256 விரைவாகக் கணக்கிடக்கூடியது என்பதால், சுருக்கம் வெளியே கசிந்தால் எளிய சொற்களை ஊகித்துக் கண்டுபிடிப்பது கடினமன்று. ‘ஏசிஎல் ஜென்பாஸ்’ 64 எழுத்துகள் கொண்ட தற்போக்கான ஒரு சரத்தை உருவாக்கித் தரும். செயலிதானே நினைவில் வைக்கப்போகிறது, அதையே பயன்படுத்தலாம்.

எல்லாச் செயலிகளும் தத்தம் பெயரில் நுழையத் தொடங்கிய பிறகு ‘ஏசிஎல் செட்யூசர் டிஃபால்ட் ஆஃப்’ என்று பொதுவழியை அடைக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் மேற்சொன்ன அனைத்தும், பின்கதவைத் திறந்துவைத்து முன்வாசலைப் பூட்டிய கதைதான். அவசரப்படவும் கூடாது. முதன்மைச் சர்வரின் தரவை நகலெடுத்து வைத்திருக்கும் ரெப்ளிகா சர்வர்கள் அதனுடன் இணைவதும் பயனர் அனுமதியின் கீழ்தான் நடக்கிறது. அவற்றுக்கு ‘+பிசிங்க் +ரெப்ல்கான்ஃப் +பிங்’ என்ற மூன்று அனுமதிகளுடன் தனிப் பயனரை உருவாக்கி, ரெப்ளிகாவின் அமைப்பில் ‘மாஸ்டர்யூசர்’, ‘மாஸ்டர்ஆத்’ இரண்டையும் குறித்த பின்னரே டிஃபால்ட்டை முடக்க வேண்டும். மேலும், ‘ஆஃப்’ செய்வது புதிய உள்நுழைவுகளைத்தான் தடுக்கும். ஏற்கெனவே நுழைந்துவிட்ட இணைப்புகள் தொடர்ந்து இயங்கும். ஊடுருவல் ஐயம் இருந்தால் அந்தப் பயனரை ‘ஏசிஎல் டெல்யூசர்’ கொண்டு நீக்குவதே சரி, அது அவருடைய இணைப்புகளையும் சேர்த்துத் துண்டிக்கும். டிஃபால்ட் பயனரை மட்டும் நீக்க முடியாது.

செட்யூசரால் செய்த மாற்றங்கள் நினைவகத்தில்தான் இருக்கின்றன. சர்வரை மீண்டும் தொடங்கினால் மறைந்துவிடும். நிலைநிறுத்த இரண்டு வழிகள் உண்டு. பயனர் வரிகளை முதன்மை அமைப்புக் கோப்பிலேயே வைத்து ‘கான்ஃபிக் ரீரைட்’ இடலாம். அல்லது ‘ஏசிஎல்ஃபைல்’ என்று தனிக் கோப்பைக் குறித்து ‘ஏசிஎல் சேவ்’ இடலாம். இரண்டையும் கலந்து வைத்தால் சர்வர் தொடங்க மறுக்கும். பயனர்கள் மூன்று நான்குக்கு மேல் போகும் இடத்தில் தனிக் கோப்பே நல்லது. கோப்பைத் திருத்தி ‘ஏசிஎல் லோட்’ இட்டால், அதில் ஒரு வரி பிழையாக இருந்தாலும் எதையும் மாற்றாமல் பழைய விதிகளையே சர்வர் வைத்துக்கொள்ளும்.

தரவு ரெப்ளிகாக்களுக்குத் தானாகப் போய்ச் சேர்வது போல அனுமதி விதிகள் போய்ச் சேர்வதில்லை. முதன்மைச் சர்வரில் மட்டும் பயனர்களை அமைத்துவிட்டு இருந்தால், ஒருநாள் அது விழுந்து ரெப்ளிகா முதன்மையாகும்போது, அங்கே முன்பதிவு என்ற பயனரே இல்லாமல் செயலி வெளியே நிற்கும். அல்லது அங்கே இன்னும் திறந்திருக்கும் டிஃபால்ட் வழியே யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். எனவே ஒரே ஏசிஎல் கோப்பை எல்லாச் சர்வர்களிலும் வைக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

2024-இல் ரெடிஸின் உரிமம் மாறியபோது 7.2.4 பதிப்பிலிருந்து பிரிந்து லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வளரத் தொடங்கிய வால்கீ சர்வரிலும் இங்கே சொன்ன விதிகள் அப்படியே பொருந்தும். எதைப் பயன்படுத்தினாலும், பதிப்பை உயர்த்தும்போது ‘ஏசிஎல் கேட்’ பட்டியலை மறுபடி பார்க்க வேண்டும்: புதிய பதிப்பு ஒரு வகைக்குள் புதிய கட்டளையைச் சேர்த்திருந்தால், அந்த வகையை முன்பே பெற்றிருந்த பயனர்களுக்கு அதுவும் சேர்ந்தே போய்விடும்.